லடாக் உயரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

மணாலி–லே சாலையில் சர்ச்சு, பாங் கூடார முகாம்களில் இரவு தங்கியவர்களுக்கு அந்த விடியற்காலை தெரிந்திருக்கும். சாயங்காலம் ஒழுங்காக வந்து நின்ற வண்டி, காலையில் செல்ஃப் அடித்தால் முனகுகிறது. பக்கத்துக் கூடாரத்துக்காரர் வந்து, “மேல ஆக்சிஜன் கம்மி, அப்படித்தான் இருக்கும்” என்கிறார். சோக்கை இழு, ஆக்சிலேட்டரை நல்லா முறுக்கு, இன்னும் நாலு உதை விடு என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். அவற்றில் பாதி சமவெளியில் சரியானவை. அந்த உயரத்தில் அவை நிலைமையைக் கெடுக்கும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். நல்ல நிலையில் உள்ள ஒரு வண்டியை உயரம் மட்டும் முடக்கிப் போடுவது அபூர்வம். தளர்ந்த பேட்டரி, கரி பிடித்த பிளக், தூசி அடைத்த ஏர் ஃபில்டர் என்று ஏற்கெனவே இருந்த ஒரு குறை, சென்னை வெயிலில் தெரியாமல் இருந்தது மேலே வந்ததும் வெளியே வருகிறது. அதனால் கிக்கரில் கால் வைப்பதற்கு முன் இரண்டு நிமிடம் நின்று, எந்தக் குறை என்று பிரித்துப் பாருங்கள்.

முதலில் பிரிக்க வேண்டியது குளிரையும் உயரத்தையும். அதே இடத்தில் மதியம் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும் வண்டி விடியற்காலையில் மட்டும் தகராறு செய்தால், காரணம் குளிர். பேட்டரி, என்ஜின் ஆயில், டீசல் ஆகியவற்றைப் பாருங்கள். கணவாய் உச்சியில் படம் எடுக்க நிறுத்திய வண்டி, என்ஜின் சூடாக இருக்கும்போதே திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் காரணம் காற்று அல்லது பெட்ரோல். ஊரிலேயே காலையில் நாலைந்து முறை அடித்துத்தான் எழும்பும் வண்டி என்றால் லடாக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

என்ஜினுக்குள் என்ன மாறுகிறது?

லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். சர்ச்சு சுமார் 4,290 மீட்டர். அங்கே ஏறக்குறைய அறுபது சதவீதம். 5,328 மீட்டர் தங்லங் லா, 5,359 மீட்டர் கர்துங் லா கணவாய்களில் கிட்டத்தட்ட பாதி. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை, காற்றே மெலிந்துவிடுகிறது. பிஸ்டன் ஒவ்வொரு முறையும் அதே கொள்ளளவுக்குத்தான் உறிஞ்சும், ஆனால் உள்ளே வரும் காற்றின் எடை குறைவு.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டர் உள்ள வண்டியில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. காற்று குறையும் அளவுக்கு ஜெட் என்ற சிறு துளை வழியாக வரும் பெட்ரோல் குறைவதில்லை. கணக்குப் போட்டால், சர்ச்சு உயரத்தில் கலவையில் பெட்ரோல் சுமார் கால் பங்கு கூடிவிடும். பெரிய கணவாய்களில் மூன்றில் ஒரு பங்கு வரை. மெக்கானிக்குகள் ‘ரிச்’ ஓடுது என்று சொல்வது இதைத்தான். வண்டி திணறுவது பெட்ரோல் போதாமல் அல்ல, காற்று போதாமல். இது மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அறிகுறி: ‘டிக்’ என்று ஒரு சத்தம், அல்லது செல்ஃப் மெதுவாக இழுத்து இழுத்துச் சுற்றுகிறது

இது பேட்டரி. உயரத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை, குளிருக்கு உண்டு. லெட் ஆசிட் பேட்டரி மைனஸ் 18 டிகிரியில் தன் இழுவைத் திறனில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். அதே நேரம் ஆயில் கெட்டிப்பட்டு என்ஜினைச் சுற்றுவதற்கு அதிக பலம் கேட்கும். செப்டம்பர் இரவுகளில் சர்ச்சுவில் பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம். மூன்று வருடம் ஓடிய பேட்டரிக்கு அது போதும்.

சின்ன மல்டிமீட்டர் இருந்தால் சந்தேகமே இருக்காது. எதுவும் ஓடாத நிலையில் 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12 வோல்ட்டுக்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம், அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. கல்லும் குழியுமான சாலையில் குலுங்கிக் குலுங்கி டெர்மினல் நட்டு தளர்ந்துபோவது அங்கே அடிக்கடி நடக்கும். மீட்டர் இல்லையென்றால் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். வெளிச்சம் மங்கிச் செத்துப்போனால் பேட்டரி அல்லது டெர்மினல். வெளிச்சம் மங்காமல் ‘டிக்’ மட்டும் கேட்டால் ரிலே, செல்ஃப் மோட்டார் பக்கம் பாருங்கள்.

பேட்டரி என்று தெரிந்தால் தொடர்ந்து அடிக்காதீர்கள். ஐந்து விநாடி அடித்து அரை நிமிடம் விடுங்கள். கியர் வண்டியில் கிளட்சை அழுத்திக்கொண்டு அடித்தால் கெட்டியான கியர் ஆயிலைச் சுற்றும் பளு குறையும். பைக்கில் பேட்டரியைக் கழற்றி கூடாரத்துக்குள் கொண்டுபோய்க் கதகதப்பாக வைத்துவிட்டு மாட்டுவது பலன் தரும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். அவசரமில்லை என்றால் வெயில் வரும்வரை பொறுப்பதே நல்லது. லடாக் வெயில் ஒரு மணி நேரத்தில் செய்யும் வேலையை எந்த உதையும் செய்யாது.

காலியான பேட்டரியைக் குளிரில் அப்படியே விட்டுவிடாதீர்கள். நிறைந்த பேட்டரியின் திரவம் மைனஸ் 50 டிகிரி வரை உறையாது. முற்றிலும் காலியானது மைனஸ் 7 டிகிரியிலேயே உறையலாம். உறைந்து வயிறு வீங்கிய பேட்டரிக்கு ஜம்பர் கேபிள் போடுவது ஆபத்து.

தள்ளி ஸ்டார்ட் செய்வது பற்றி ஒரு வார்த்தை. கார்புரேட்டருக்குப் பதிலாக மின்சாரத்தால் பெட்ரோலைத் தெளிக்கும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பேட்டரி முழுவதும் செத்துவிட்டால் தள்ளிப் பயனில்லை. பெட்ரோல் பம்ப்பும் ஈசியூ என்ற கட்டுப்பாட்டுக் கணினியும் வேலை செய்யக் கொஞ்சமாவது மின்சாரம் வேண்டும். சாவியைத் திருப்பும்போது பம்ப் ரீங்காரம் கேட்டால் தள்ளலாம். இறக்கத்தில், இரண்டாவது கியரில். முதல் கியரில் சரளைக் கல் மேல் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும்.

அறிகுறி: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை, பெட்ரோல் வாடை அடிக்கிறது

கார்புரேட்டர் பைக்குகளின் உயர நோய் என்றால் இதுதான். பழைய புல்லட், பிஎஸ்-4 காலத்துக் கிளாசிக் 350, 2020 ஏப்ரலுக்கு முன் வந்த பெரும்பாலான 150, 180 சிசி வண்டிகள் எல்லாம் இதில் சேரும். காற்று குறைவு, ஏற்கெனவே கலவை ரிச், அதன் மேல் காற்றை அடைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கையும் போட்டுத் திரும்பத் திரும்ப உதைத்தால் சிலிண்டருக்குள் பெட்ரோல் திரவமாகவே நின்றுவிடும். பிளக் நனைந்துபோகும். நனைந்த பிளக்கில் எத்தனை முறை உதைத்தாலும் பலன் இல்லை.

செய்ய வேண்டியது இது. பெட்ரோல் டேப்பை மூடுங்கள். சோக்கை முழுவதும் எடுத்துவிடுங்கள். கில் சுவிட்சை அணைத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு ஏழெட்டு முறை நிதானமாக உதையுங்கள். உள்ளே தேங்கிய பெட்ரோல் வெளியேறும். பிறகு கில் சுவிட்சைப் போட்டு, டேப்பை மூடியே வைத்து, ஆக்சிலேட்டரை மட்டும் லேசாகத் திறந்து ஒரு உதை. பிடித்ததும் டேப்பைத் திறங்கள். கார்புரேட்டரின் அடியில் உள்ள ஃப்ளோட் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலே தொடங்குவதற்குப் போதும்.

அப்படியும் பிடிக்கவில்லை என்றால் பிளக்கைக் கழற்றுங்கள். மங்கலான பழுப்பு நிறத்தில் இருந்தால் பிளக் நலம். கருகருவென்று மாவு போல் கரி படிந்திருந்தால் கலவை ரிச் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். துடைத்து, உலர்த்தி, முடிந்தால் புதிய பிளக்கைப் போடுங்கள். உயரத்தில் ஸ்பார்க் பலமிழந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். மெல்லிய காற்றில் பொறி தாண்டுவது உண்மையில் எளிது. படிந்த கரி வழியாக மின்சாரம் கசிந்துவிடுவதுதான் பிரச்சினை. ஸ்பார்க்கைச் சோதிக்கும்போது பிளக்கின் உலோகப் பகுதி என்ஜின் மேல் நன்றாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிளக் துவாரத்தின் அருகே வைக்காதீர்கள், அங்கே பெட்ரோல் ஆவி வரும்.

அடுத்தது ஏர் ஃபில்டர். மோரே சமவெளியின் புழுதி எந்த ஃபில்டரையும் அடைத்துவிடும். ஓடையைக் கடக்கும்போது காகித ஃபில்டர் நனைந்தால் மூச்சே நின்ற மாதிரி ஆகும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். உடனே பிடித்தால் குற்றவாளி அதுதான். தட்டிச் சுத்தம் செய்தோ மாற்றியோ திரும்ப மாட்டுங்கள். ஃபில்டர் இல்லாமலே ஓட்டச் சொல்பவர்கள் வழியில் கிடைப்பார்கள். கேட்காதீர்கள். அந்தப் புழுதி சிலிண்டருக்குள் போனால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேயும். அந்தச் செலவு ஊருக்குத் திரும்பிய பிறகு வரும்.

ஒவ்வொரு காலையும் இதே கதை என்றால் கார்புரேட்டரைக் கொஞ்சம் ‘லீன்’ ஆக்க வேண்டும், அதாவது கலவையில் பெட்ரோலைக் குறைக்க வேண்டும். டியூனிங் ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை ஆளும் ஸ்க்ரூ. வெளியே திருகினால் லீன். என்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலை ஆளுவது. உள்ளே திருகினால் லீன். கால் சுற்று, கால் சுற்றாகத் திருகி, ஸ்லோ (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது என்ஜின் ஓடும் வேகம்) ஒழுங்காக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். எத்தனை சுற்று திருகினீர்கள் என்பதைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள், திரும்பும்போது தேவைப்படும். ஸ்டார்ட் ஆகி, ஆனால் ஏற்றத்தில் இழுக்காமல் கரும்புகை விட்டால் கார்புரேட்டருக்குள் இருக்கும் ஊசியின் கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றலாம். ஊசி கீழே இறங்கி பெட்ரோல் குறையும். மெயின் ஜெட்டை மாற்றுவது பல வாரம் மேலேயே ஓட்டப்போகிறவர்களுக்கு மட்டும்தான் அவசியம்.

இன்ஜெக்‌ஷன் கார்களில் பெட்ரோல் வாடை வந்தால் பல மாடல்களில் ஒரு வழி உண்டு. ஆக்சிலேட்டர் பெடலைத் தரையோடு அழுத்திக்கொண்டு சில விநாடி செல்ஃப் அடித்தால் ஈசியூ இன்ஜெக்டரை நிறுத்திவிடும். காற்று மட்டும் போய் உள்ளே உலரும். மற்றபடி சாதாரணமாக ஸ்டார்ட் செய்யும்போது பெடலில் கால் வேண்டாம்.

அறிகுறி: செல்ஃப் சுற்றுகிறது, பெட்ரோல் வாடையே இல்லை, பிளக் காய்ந்திருக்கிறது

பெட்ரோல் வரவில்லை. முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்து, அதன் பிறகு வண்டி ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத் துளை புழுதியால் அடைத்திருக்கிறது. கணவாயிலிருந்து வேகமாக இறங்கி வந்த பிறகு இது அதிகம் நடக்கும். மேலே மெல்லிய காற்றோடு மூடப்பட்ட டேங்க், கீழே அடர்ந்த காற்றுக்கு வரும்போது உள்ளே வெற்றிடமாகி பெட்ரோலைக் கீழே விடாது. ஏறும்போது இதற்கு நேர்மாறு: லே கடைகளில் சிப்ஸ் பொட்டலங்கள் பந்து போல் உப்பி நிற்பதைப் போல, டேங்க்கும் ஜெரிகேனும் உள்ளிருந்து அழுத்தும். அதனால் கேனைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள், மூடியை மெதுவாகத் திறங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது.

அடுத்த சந்தேகம் கேன் பெட்ரோல். கேலாங்குக்கு முன்னால் தண்டியில் உள்ள பங்க்கில் ‘அடுத்த பங்க் 365 கி.மீ.’ என்று வைத்திருந்த பலகை பயணிகளிடையே பிரபலம். அந்தப் பயத்தில் எல்லோரும் கேனில் பெட்ரோல் சுமக்கிறார்கள். கேனில் ஒரு மூடி தண்ணீர் இருந்தாலும் அது கார்புரேட்டரின் அடியில் போய் உட்கார்ந்து இரவில் பனிக்கட்டியாகும். வெயில் ஏறிய பிறகு ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் காரணம் தெரிந்துவிடும்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று விநாடி பம்ப் ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் கில் சுவிட்ச், பிறகு பம்ப் ஃபியூஸ், பிறகு சைடு ஸ்டாண்ட் சென்சார். கடைசியாகச் சொன்னதில் சேறு காய்ந்து அடைத்து வண்டியை முடக்குவது, ஓடைகள் நிறைந்த அந்தச் சாலையில் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று.

அறிகுறி: பிடிக்கிறது, நாலு விநாடியில் அணைந்துவிடுகிறது

கைவிட வேண்டாம், இது பெரும்பாலும் ஸ்லோ பிரச்சினை. காற்று மெலிந்ததால் அதே ஸ்லோ வேகத்துக்குத் த்ராட்டில் (காற்று வழியின் கதவு) கொஞ்சம் கூடுதலாகத் திறக்க வேண்டியிருக்கிறது. கார்புரேட்டர் என்றால் ஸ்லோ ஸ்க்ரூவை அரைச் சுற்று ஏற்றுங்கள். இன்ஜெக்‌ஷன் என்றால் ஸ்லோவுக்குக் காற்று விடும் வால்விலும் த்ராட்டில் பாடியிலும் கரி படிந்திருக்கலாம்; கிளம்புவதற்கு முன் சர்வீஸில் சுத்தம் செய்யச் சொல்லியிருக்க வேண்டிய வேலை. வழியில் இருக்கும்போது த்ராட்டிலை ஒரு நூலளவு பிடித்தபடி இரண்டு மூன்று நிமிடம் சூடாக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு இன்னொன்று. சாவியைப் போட்டு என்ஜின் ஓடாத நிலையில் மேப் சென்சார் என்ற அழுத்தமானி அளப்பது வெளிக் காற்றழுத்தத்தை. பல வண்டிகளில் அதை வைத்துத்தான் ஈசியூ அந்த உயரத்துக்கான பெட்ரோலைக் கணக்கிடுகிறது. எனவே சாவி போட்ட உடனே அடிக்காமல், மீட்டர் முள் ஒரு சுற்று வந்து, பம்ப் சத்தம் நின்ற பிறகு அடியுங்கள். நீண்ட ஏற்றத்துக்குப் பிறகு வண்டி முரண்டு செய்தால் சாவியை அணைத்துப் பத்து விநாடி கழித்துத் திரும்பப் போடுங்கள்.

அறிகுறி: டீசல் வண்டி, வெள்ளைப் புகை வருகிறது, பிடிக்கவில்லை

வெள்ளைப் புகை என்றால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்திய காற்றின் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். மெல்லிய காற்றை அழுத்தும்போது கிடைக்கும் அழுத்தம் குறைவு, குளிர்ந்த சுவர்கள் இருக்கும் சூட்டையும் உறிஞ்சிவிடும். டர்போ இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். என்ஜின் ஓடி எக்ஸாஸ்ட் வந்தால்தான் டர்போ சுற்றும். ஸ்டார்ட் செய்யும் நொடியில் டர்போ வண்டியும் சாதாரண வண்டிதான்.

இங்கே சிலிண்டரின் உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக் முக்கியம். டேஷ்போர்டில் சுருள் விளக்கு அணையும்வரை காத்திருங்கள். பிடிக்கவில்லை என்றால் சாவியை அணைத்து மறுபடி போட்டு இரண்டாம் முறையும் சூடாக்கிவிட்டு அடியுங்கள். அப்போது வித்தியாசம் தெரிந்தால் ஹீட்டர் பிளக்குகளில் ஒன்றிரண்டு செத்திருக்கலாம். சென்னையில் வருடக்கணக்கில் அது செத்துக் கிடந்தாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

அறிகுறி: டீசல் வண்டி, செல்ஃப் நன்றாக அடிக்கிறது, புகையே இல்லை

டீசல் என்ஜினுக்கு வரவில்லை. இரவு கடுங்குளிர் என்றால் டீசலில் உள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைத்திருக்கும். இந்தியத் தர விதிப்படி சாதாரண டீசல் குளிர்காலத்தில் 3 டிகிரிக்கும் கோடையில் 15 டிகிரிக்கும் மேல் கெட்டிப்படாமல் இருந்தால் போதும். பஞ்சாபிலோ ஹரியானாவிலோ டேங்க் நிரப்பிக்கொண்டு வந்தால் லடாக் இரவுக்கு அது உத்தரவாதம் இல்லை. இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் குளிர்கால டீசலை அறிமுகப்படுத்தியது இதற்காகத்தான். குளிர்காலத்தில் போகிறவர்கள் டேங்க்கை முக்கால்வாசி காலியாக்கிக்கொண்டு லே சேர்ந்து, அங்கே நிரப்பி, அந்த டீசல் ஃபில்டர்வரை வரும்படி கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும்.

உறைந்துவிட்டால் ஃபில்டர் மேல் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றுங்கள், வண்டியின் முகத்தை வெயில் பக்கம் திருப்பி வையுங்கள். லாரிக்காரர்கள் டேங்க்குக்குக் கீழே நெருப்பு மூட்டுவதைப் பார்த்து நீங்களும் செய்யாதீர்கள். இன்றைய வண்டிகளின் அடியில் பிளாஸ்டிக் டேங்க்கும் ஒயர்களும் இருக்கின்றன. பெட்ரோல் சேர்த்து இளக்கும் பழைய வழக்கமும் இன்றைய டீசல் வண்டிகளின் காமன் ரெயில் பம்ப்பைக் கெடுக்கும். ஃபில்டரைக் கழற்றி மாட்டினால் கைப்பம்ப்பால் ஏர் லாக் (குழாயில் சிக்கிய காற்று) எடுக்காமல் அடிக்காதீர்கள்.

உதைக்கிறவரின் உடம்பு

4,500 மீட்டரில் கிக்கரைப் பத்து முறை உதைத்தால் வண்டிக்கு முன்னால் உங்களுக்கு மூச்சு நிற்கும். ஆளுக்கு ஐந்து உதை என்று முறை வைத்துக்கொள்ளுங்கள், நடுவே உட்காருங்கள். தலைவலியும் குமட்டலும் இருப்பவர் உதைக்கவே கூடாது. வண்டியை விட்டுவிட்டு, ஓடும் வாகனத்தில் அவரைக் கீழே இறக்குவதுதான் முதல் வேலை. வண்டிக்கு மறுநாளும் மெக்கானிக் கிடைப்பார்.

முந்தின இரவு

வண்டியின் மூக்கு இறக்கத்தைப் பார்க்கும்படியும் காலை வெயில் என்ஜின் மேல் விழும்படியும் நிறுத்துங்கள். காற்றடிக்கும் பக்கம் சுவரோ பாறையோ இருக்கட்டும். என்ஜின் மேல் தார்ப்பாய் போடுங்கள், ஆனால் சூடு ஆறிய பிறகு. கிளம்புவதற்கு முன் ஊரிலேயே பேட்டரியைச் சோதித்து, இரண்டு புதிய பிளக், ஒரு ஏர் ஃபில்டர், ஜம்பர் கேபிள் எடுத்துக்கொள்ளுங்கள். ஆயில் விஷயத்தில் வண்டியின் கையேடு அனுமதிக்கும் தரங்களில் ‘டபிள்யூ’வுக்கு முன்னால் உள்ள எண் சிறியதைத் தேர்ந்தெடுங்கள், அது குளிரில் எளிதாக ஓடும். 20டபிள்யூ-50 ஊற்றிக்கொண்டு சர்ச்சுவில் இரவு தங்கினால் காலையில் செல்ஃப் அதை உணர்த்தும்.

இறங்கும்போது

கார்புரேட்டரை லீன் ஆக்கியிருந்தால் அதே அமைப்பில் மணாலிக்கோ ஸ்ரீநகருக்கோ இறங்கி, அங்கிருந்து நெடுஞ்சாலையில் விரட்டாதீர்கள். அடர்ந்த காற்றில் பெட்ரோல் போதாமல் என்ஜின் அதிகமாகச் சூடேறும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளவும் கூடும். 3,000 மீட்டருக்குக் கீழே வந்ததும் கைப்பேசியில் குறித்துவைத்த சுற்றுகளைப் பார்த்து ஸ்க்ரூவையும் ஊசியின் கிளிப்பையும் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்லோவையும் இறக்குங்கள். அடுத்த பங்க்கில் பெட்ரோல் போடுவதற்குள் ஒருமுறை பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்துப்போயிருந்தால் இன்னும் லீனாகத்தான் ஓடுகிறது என்று அர்த்தம். டியூனிங் ஸ்க்ரூவில் இன்னும் கால் சுற்று பெட்ரோல் கூட்டுங்கள்.